குதிரைக் குருதியில் நாகம்

முதல் நாளே கந்தோரில் மாட்டுப்பட்டேன். 'விசமுறி மருந்துக்கான குதிரைகளின் குருதியில் இரும்பு, செப்பு, நாகம்: ஓர் ஒப்பீடு' என்பது கடிதத் தலைப்பு. லிகிதர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, பாம்பு விசயம் இஞ்ச பாக்கிறேல்லை."

"இது பாம்பில்லை ஐயா, மூலகம். பள்ளிக்கூடத்திலை படிச்ச நாகம்."

எடுபடவில்லை. 'துத்தநாகம்' என்று மாற்றி அடித்துக் கொடுத்த பிறகுதான் முத்திரை விழுந்தது. ஒரு கிழமை போச்சு.

பாம்புக்கடிக்கு எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விசமுறி இந்தியாவிலிருந்து வருவது. அங்கே குதிரைக்கு விசத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி ஏற்றி, பிறகு லீற்றர் கணக்கில் குருதி எடுப்பார்கள். ஒப்பிட, விசமே ஏறாத குதிரை வேண்டும். நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளை விட்டால் வேறெங்கே போவது? மிருக வைத்தியர் காயத்துக்கு மருந்து கட்டப் பிடிக்கிற நாளில் கூடப் போனோம். குதிரை பிடிக்கிற கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

களஞ்சியத்தில் தந்தது ஊதா மூடி ரியூப். நானும் பார்க்காமல் வாங்கினேன். குதிரைக் குருதி கெதியில் அடையும். குறிகட்டுவானுக்குப் படகு வந்து சேர முன்னமே கீழே சிவப்பு, மேலே மஞ்சள் எனப் பிரிந்து, பார்க்க வடிவாய் இருந்தது. ஆய்வுகூடத்தில் கூடவே அளந்த பொற்றாசியம் எங்கேயோ போய் நின்றது. உறையாமலிருக்க அந்த ரியூப்புக்குள் போட்டிருப்பதே பொற்றாசியம் உப்பு! ஒரு பயணம் வீண்.

இரண்டாம் முறை சிவப்பு மூடி. இப்போது நாகம் கூடிவிட்டது. ஒரு புத்தி வந்து, வெறும் ரியூப்புக்குள் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு, கவிழ்த்து ஒரு இரவு வைத்து அளந்தேன். தண்ணீரிலும் நாகம்! றப்பர் மூடியிலிருந்து கசிந்திருக்கிறது. அந்த ஒரு சோதனைக்காக எனக்கு நானே தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் முறை, குருதியில் மிகச் சிறு அளவில் இருக்கும் சுவட்டு மூலகங்களுக்கென்றே வரும் கடும் நீல மூடி ரியூப். கண்ணாடிச் சாமான் எல்லாம் ஒரு இரவு ஐதான நைத்திரிக்கமிலத்தில் ஊறின. ஐஸ் நேரே படாமல் துவாயில் சுற்றிக் கொண்டுவாருங்கள். எனக்கு இரண்டு ரியூப் உறைந்து, செங்கலங்கள் உடைந்து, மேலே மஞ்சளாய் நிற்கவேண்டிய தெளியம் பீற்றூட் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. அதில் இரும்பு அளப்பது வீண்வேலை, ஊற்றிவிட்டேன்.

மிச்சம் ஒன்பதும் சரி. அளக்க அரை நாள்தான் எடுத்தது. அறிக்கையில் 'நாகம்' என்றே போட்டிருக்கிறேன்.