பேஸி விட்டுப்போன ஊரில்

2009 ஜனவரியில் மதுரையிலிருந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் ரெட் பேங்க் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தேன். கணவர் விடியற்காலை ரயிலில் நியூயார்க்குக்குப் போய் இருட்டிய பிறகே திரும்புவார். என் கையிலிருந்தது எச்-4 விசா, வேலைக்கு வந்தவரின் துணைவருக்குத் தரப்படுவது. அதை வைத்துக்கொண்டு அப்போது சம்பளத்திற்கு எந்த வேலையும் பார்க்க முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. நடந்து போகக்கூடிய இடங்கள்தான் என் ஊர் என்றாயிற்று: ரயில் நிலையம், மன்மத் தெருவிலிருந்த பழைய நாடக அரங்கம், நேவசிங்க் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் பொது நூலகம்.

அரங்கத்தின் முகப்பில் 'கவுண்ட் பேஸி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, யாரோ ஐரோப்பியக் கோமகன் கட்டிக்கொடுத்தது போலும் என்று பல வாரங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் இசைத்தட்டு இரவல் வாங்கப் போனபோதுதான், அவர் 1904 ஆகஸ்ட் 21 அன்று இதே ஊரில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் வில்லியம் ஜேம்ஸ் பேஸி என்பதும், 'கவுண்ட்' என்பது பின்னாளில் வானொலி வழியாக ஒட்டிக்கொண்ட பட்டம் என்பதும் தெரிந்தன. எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்கு வரும் பேண்டு வாத்தியக் குழுவின் தலைவரை 'பேண்டு மாஸ்டர்' என்போம். பேஸியும் பேண்டு மாஸ்டர்தான். என்ன, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர்.

பேஸியின் தந்தை ஒரு செல்வந்தர் வீட்டில் வண்டியோட்டியாகவும் காவலாளாகவும் இருந்தார். தாய் துணி வெளுத்தும் கேக் சுட்டு விற்றும் சேர்த்த காசில், பாடம் ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்து மகனைப் பியானோ படிக்க வைத்தார். பையனுக்கோ டிரம்ஸ் மீதுதான் கண். ஆனால் எங்கள் ரயில் பாதையில் அடுத்த ஊருக்கும் அடுத்த ஊரான லாங் பிராஞ்சில் சன்னி கிரீர் என்று ஒருவர் இருந்தார். பின்னாளில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் குழுவின் டிரம்ஸ் கலைஞராகப் புகழ்பெற்றவர். அவர் வாசித்ததைக் கேட்ட பேஸி, பதினைந்து வயதளவில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் பியானோவோடு நின்றுவிட்டார். உள்ளூர்த் திரையரங்கில் எடுபிடி வேலை செய்து இலவசமாகப் படம் பார்த்துவந்த அவர், ஒருநாள் மௌனப் படத்துக்கு வாசிக்க வேண்டியவர் வராமற்போனபோது அந்த இடத்தில் உட்கார்ந்து, கேள்வி ஞானத்தைக் கொண்டே சமாளித்துவிட்டார்.

பிறகு நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம் போனார். அங்கே ஃபேட்ஸ் வாலர் என்னும் ஜாஸ் கலைஞரிடம் ஆர்கன் வாசிக்கப் பழகினார். ஊர் ஊராகச் சென்ற ஒரு கேளிக்கைக் குழுவோடு புறப்பட்டவர், 1927இல் கான்சஸ் சிட்டியில் அந்தக் குழு கலைந்து போனதால் அங்கேயே சிக்கிக்கொண்டார். வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், தானாகத் தேர்ந்தெடுக்காத ஊரில், ரெட் பேங்கில் கற்ற அதே தொழில்தான், மௌனப் படங்களுக்கு வாசிப்பதுதான், அவருக்குச் சோறு போட்டது. இந்தப் பகுதியை நூலகத்தின் ஆற்றோரச் சன்னலருகே உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

சிக்கிக்கொண்ட ஊர்தான் அவரை உருவாக்கியது. முதலில் வால்டர் பேஜின் குழு, அடுத்து பென்னி மோட்டன் குழு. 1935இல் அடிநாக்குச் சதை அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து மோட்டன் இறந்தபின், ரீனோ கிளப்பில் பேஸியே ஒரு சிறு குழுவை நடத்தலானார். அங்கிருந்து இரவில் ஒலிபரப்பான இசையை, 1936இல் சிகாகோவில் தன் கார் வானொலியில் தற்செயலாகக் கேட்ட ஜான் ஹாமண்ட் என்னும் இசை ஆர்வலர், குழுவை வெளியுலகுக்குக் கொண்டுவரக் காரணமானார்.

அந்த இசையின் அழகு பெரும்பாலும் தாளில் எழுதாத அழகு. சாக்சபோன்காரர்கள் ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்பப் பிடிப்பார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் அதற்குப் பதில் கொடுக்கும். அதன்மேல் சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கைப் போன்ற ஒருவர் எழுந்து தனியாக வாசிப்பார். 1937இல் பதிவான 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' அப்படிப் பிறந்ததுதான். அதன் முந்தைய பெயர் வானொலியில் சொல்லத் தகாததாக இருந்தது. கடிகாரம் ஒரு மணியை நெருங்கியதால் அதுவே பெயராயிற்று என்பார்கள். அதே ஆண்டில் சேர்ந்த ஃபிரெடி கிரீன், மின்பெருக்கி இல்லாத கிட்டாரில் அடிக்கு ஒரு தட்டாக, 1987இல் தான் இறக்கும்வரை அந்தக் குழுவிலேயே வாசித்தார். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை என்பது ஏனோ நினைவுக்கு வந்தது.

முதன்முதலாக இந்த இசைத்தட்டை வீட்டில் போட்டபோது, என் கணவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "பியானோ வாசிக்கிறவர்தானே தலைவர்? அவரைக் காணோமே?" என்றார். நியாயமான கேள்வி. பேஸி இரண்டு சுரம் வைப்பார், நிறுத்துவார்; மற்றவர்கள் ஓடுவதைக் கேட்டபடி இருந்து, தேவையான இடத்தில் மறுபடி ஒன்றைத் தொடுவார். நான் மதுரையில் கேட்டு வளர்ந்த பேண்டு மாஸ்டர்கள் எல்லோரையும்விட உரக்க ஊதுவார்கள்.

புகழ் வந்தது, பணம் அதற்கேற்ப வரவில்லை. டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தோடு அவர் போட்ட முதல் ஒப்பந்தத்தில் 24 பாடல்களுக்கு 750 டாலர், உரிமைத்தொகை கிடையாது. புதிய இடத்தில் முதல் தாளில் எதையும் பேரம் பேசாமல் கையெழுத்திடுவது எங்களுக்கும் பழக்கமான கதைதான். ஆனால் அவர் சொந்த நாட்டிலேயே அப்படி நடத்தப்பட்டார். குழுவில் சில காலம் பாடிய பில்லி ஹாலிடே நிறம் சற்று வெளுப்பாக இருந்ததால், கறுப்பு ஆண்களோடு வெள்ளைக்காரி நிற்பதாகத் தோன்றிவிடுமென்று, டெட்ராய்ட்டில் அவருடைய முகத்தில் கருமை பூச வைத்தார்கள். இதைப் படித்த அன்று தட்டைக் கேட்க மனம் வரவில்லை.

போருக்குப் பின் பெரிய குழுக்களுக்குக் கட்டுப்படியாகாமல் போனது. 1950இல் பேஸியும் குழுவைக் கலைத்தார். 1952இல் மறுபடி சேர்த்தார். இம்முறை நீல் ஹெஃப்டி, ஃபிராங்க் ஃபாஸ்டர் போன்றோர் எழுதிக்கொடுத்த இசையே குழுவின் முதுகெலும்பு. பழைய குழுதான் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் 1955இல் பதிவான 'ஏப்ரல் இன் பாரிஸ்' முடிந்துவிட்டது போல் முடிந்து மறுபடி எழும்போது சிரிக்காமல் இருக்க முடிவதில்லை. 1984 ஏப்ரல் 26 அன்று ஃபுளோரிடாவில் பேஸி காலமானார். மன்மத் தெரு அரங்கத்துக்கு அவர் பெயர் வந்தது அதே ஆண்டில்தான்.

பச்சை அட்டைக்கான மனு ஏற்கப்பட்டவர்களின் துணைவர்கள் வேலை செய்யலாமென்று 2015இல் விதி மாறியது. எனக்கும் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து, எடிசன் என்னும் ஊர்ப் பக்கம் வீடு மாறினோம்; அங்கே அரைத்த இட்லி மாவும் கறிவேப்பிலையும் கடையில் கிடைக்கின்றன. இப்போது நானே கார் ஓட்டுகிறேன். வண்டியில் அந்தத் தட்டு ஓடும்போதெல்லாம், சாக்சபோன்கள் எழும் இடத்தில், பக்கத்து இருக்கையிலிருந்து, "இன்னும் அவர் வரவில்லையா?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது.