கணக்குப்பதிவியலின் தந்தை இல்லை, வாத்தியார்

பிளஸ் ஒன்னில் காமர்ஸ் படித்தவர்களுக்கு லூக்கா பாச்சோலி ஒரு மார்க் கேள்வி. 'கணக்குப்பதிவியலின் தந்தை யார்?' பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தால் இந்தப் பட்டம் அவருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று ஒரு கணக்கில், வரவு இன்னொரு கணக்கில் என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1340-லேயே இத்தாலியின் ஜெனோவா நகர நிர்வாகத்தின் கணக்குகள் அந்த முறையில்தான் இருந்தன. பெனடெட்டோ கோட்ருல்லி என்ற வணிகர் 1458-ல் இதைப் பற்றி எழுதியும் வைத்தார், ஆனால் அது அச்சேறியது 1573-ல். பாச்சோலியும் தான் சொல்வது வெனிஸ் வணிகர்களின் முறை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் அவர் செய்தது என்ன? சொல்லிக்கொடுத்தார். 1447 வாக்கில் டஸ்கனியில் சான்செபோல்க்ரோ என்ற சிற்றூரில் பிறந்து, இளவயதில் வெனிஸுக்குப் போய், ரோம்பியாசி என்ற வணிகரின் மூன்று பையன்களுக்கு ட்யூஷன் எடுத்தார். அப்புறம் பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்க சபையின் துறவியாகி, பெருஜியா, ரோம், மிலான் என்று ஊர் ஊராகக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 1494-ல் வெனிஸில் அச்சான அவருடைய 'சும்மா' (நம் சும்மா இல்லை, தொகுப்பு என்று பொருள்) 600 பக்கத்துக்கு மேல் போகும் கணித நூல். படித்தவர்களின் லத்தீனில் எழுதாமல் கடைக்காரனுக்கும் புரியும் இத்தாலிய மொழியில் எழுதினார். அதில் வணிகக் கணக்குக்கு என்று ஒதுக்கியது 36 சிறு அத்தியாயங்கள்தான், அந்தக் கொஞ்சம்தான் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

அந்த அத்தியாயங்கள் இன்றும் சுவாரசியமாக இருக்கின்றன. முதலில் கையில் இருக்கும் பணம், நகை, துணிமணி, சரக்கு, வரவேண்டிய கடன், தரவேண்டிய கடன் எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போடச் சொல்கிறார். பிறகு மூன்று புத்தகங்கள். முதலாவது நம்மூர்ச் சிட்டை மாதிரி: முதலாளி இல்லாத நேரத்தில் மனைவியோ வேலையாளோ கூட எழுதலாம், எந்த நாணயத்தில் வியாபாரம் நடந்ததோ அதிலேயே எழுதலாம். அதைப் பார்த்து, ஒரே நாணயத்துக்கு மாற்றி, பற்று யாருக்கு வரவு யாருக்கு என்று பிரித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அங்கிருந்து, ஒவ்வொரு ஆளுக்கும் பொருளுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கும் பேரேட்டுக்கு. பற்றை ஏற்றியதும் குறிப்பேட்டுப் பதிவின் மேல் ஒரு கோடு, வரவை ஏற்றியதும் இன்னொரு கோடு. எதையும் இரண்டு தடவை ஏற்றிவிடக் கூடாதே! வாங்குபவனுக்குக் காட்ட ஒன்று, விற்பவனுக்குக் காட்ட ஒன்று என்று இரண்டு செட் கணக்கு வைக்கும் ஆட்களையும் திட்டுகிறார், அதனால் புத்தகங்களை அதிகாரியிடம் கொண்டுபோய்ப் பதிவு செய்துவிடுங்கள் என்கிறார். 500 வருஷத்துக்கு முந்தைய பிரச்சினை, இன்றைக்கும் ஆடிட்டர்களுக்குத் தெரிந்ததுதான்.

சறுக்கல்களும் உண்டு. ஆறு புள்ளி எடுத்தால் ஜெயிக்கும் ஆட்டம் 5-க்கு 2 என்ற நிலையில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? 5:2 என்றே பிரித்துவிடு என்றார். இருவரும் சமபலம் என்றால் நியாயமான விகிதம் 15:1. பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-ல் கடிதம் எழுதிக்கொண்டு இதைத் தீர்த்தபோது பிறந்ததுதான் இன்றைய நிகழ்தகவுக் கணிதம்.

1490-களின் பிற்பகுதியில் மிலான் அரசவையில் லியோனார்டோ டா வின்சியோடு பழக்கமானது. வர்க்கமூலப் பெருக்கலை மாஸ்டர் லூக்காவிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று லியோனார்டோ தன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். பதிலுக்கு, பாச்சோலியின் 'தெய்வீக விகிதம்' நூலுக்குப் பன்முகத் திண்மங்களை (தட்டையான பல முகங்கள் கொண்ட கன உருவங்களை) வரைந்து கொடுத்தார். உள்ளே வெற்றிடம் தெரியும்படி சட்டங்களாக மட்டும் வரைந்த படங்களைத் தேடிப் பாருங்கள், அசந்துபோவீர்கள். 1499-ல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்ததும் இருவரும் சேர்ந்தே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த நூலிலேயே ஒரு கறையும் இருக்கிறது. 1509-ல் அச்சான அதன் மூன்றாம் பகுதி, பாச்சோலியின் ஊர்க்காரரான ஓவியர் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா லத்தீனில் எழுதியதன் மொழிபெயர்ப்பு, ஆனால் அவர் பெயர் போடவில்லை. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி, 1550-ல் இதற்காகப் பாச்சோலியைத் திருடன் என்றே சாடினார். மற்றவர்கள் எழுதியதை எடுத்துத் தொகுப்பது அந்தக் காலத்தில் சகஜம்தான், இருந்தாலும் இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

சதுரங்கம் பற்றியும் ஒரு புத்தகம் எழுதி, 1500 வாக்கில் இத்தாலியின் மான்டுவாவை ஆண்டவரின் மனைவி இசபெல்லா தெஸ்தேவுக்குச் சமர்ப்பித்திருந்தார். தொலைந்தே போனது என்று நினைத்திருந்த அதன் கையெழுத்துப் பிரதி 2006-ல் வடகிழக்கு இத்தாலியில் கொரீட்சியா என்ற ஊரின் நூலகம் ஒன்றில் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சதுரங்கப் புதிர்கள், சிவப்பும் கறுப்புமாக அழகான காய்கள். காய்களின் வடிவத்தில் லியோனார்டோவின் கை இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.