18 மைலுக்கு அப்பால் ஒரு கிலோ வத்தல்

எட்டிவயலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்கில் நெடி ஏறியது. பங்குனி வெயில். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையோரம் இருக்கும் மிளகாய் வணிக வளாகத்துக்கு விவசாயிகள் சாக்குகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இலங்கையின் மன்னாரில் இருக்கும் அத்தைக்கு ஒரு கிலோ குண்டு வத்தல் வாங்குவதற்காகத்தான் வந்தேன். மீன் குழம்புக்கு வேறெந்த மிளகாயும் அத்தைக்கு ஒத்துவராது.

சாக்கைப் பிரித்த பெரியவர் ஒரு கை அள்ளி என் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே விதை சலசலத்தது. சரியாகக் காய்ந்த வத்தல் அப்படித்தான் பேசும் என்றார். கோலிக்குண்டு போல் உருண்டு, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக மினுங்கியது. இந்த வறண்ட மாவட்டத்தில் வானத்தை நம்பி விதைக்கும் மண்ணில் இப்படி ஒரு காரம் விளைகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று பெயர்பெற்ற இந்தக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இந்தச் சரக்கு இலங்கைக்குப் போகிறதா என்று ஒரு வியாபாரியிடம் விசாரித்தேன். போகிறது என்றார். லாரியில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கன்டெய்னரில் கொழும்புக்குப் போகிறதாம். இலங்கைச் சமையலறைகளுக்கு வேண்டிய காய்ந்த மிளகாயில் பெரும்பகுதியை இந்தியாதான் அனுப்புகிறது. ஆனால் இலங்கைக்கு மிக அருகில் இருக்கும் கரை எங்களுடையது. அந்தக் கரையில் விளைந்த மிளகாய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே போய்ச் சுற்றி வருகிறது.

ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் பஸ் பிடித்தேன்.

மண்டபம் வந்ததும் கண் தானாக முகாம் பக்கம் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்பிய இடம் அது. பின்னாளில் அதே இடம் அங்கிருந்து உயிருக்கு ஓடிவந்தவர்களின் புகலிடமானது. 1990-ல் அத்தையும் இரண்டு பிள்ளைகளோடு படகேறி வந்து அங்கேதான் தங்கினார். அண்ணன் வீடு பக்கத்திலேயே இருந்தும், பதிவு முடிந்து பார்க்க விடும்வரை கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா நின்றது எனக்கு நினைவிருக்கிறது. போர் முடிந்தபின் அத்தை வீட்டைத் தேடி மன்னாருக்கே திரும்பிவிட்டார்.

அத்தை கல்யாணமாகிப் போனது 1973-ல், கப்பலில். ராமேஸ்வரத்தில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார். கப்பலின் பெயர் ராமானுஜம் என்பதை இன்றும் மறக்காமல் சொல்வார். பெட்டி நிறையப் பாத்திரம், மடியில் ஒரு பை வத்தல். அதற்கும் முன்னால் தனுஷ்கோடியிலிருந்தே கப்பல் போனது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. புயலால் நிறுத்த முடியாத அந்தப் போக்குவரத்தை 1980-களில் போர் நிறுத்திவிட்டது.

பாம்பனில் பஸ் மெதுவாகப் போனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் வடக்கே பளிச்சென்று நிற்கிறது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். அக்கரையில் போரில் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதையை இந்திய நிறுவனமே திரும்ப அமைத்துக் கொடுத்து, 2015 மார்ச்சில் அங்கேயும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் கரையிலும் தண்டவாளம் தயார், அந்தக் கரையிலும் தயார். நடுவில் ஒரு கப்பல்தான் இல்லை. பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் அங்கேதான் போய் முட்டுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அது எங்கள் வழியை விட நீண்ட கடல்வழி. அங்கே சுங்கமும் குடியேற்றச் சோதனையும் வைக்க முடிந்ததென்றால் ராமேஸ்வரத்திலும் வைக்க முடியும்.

ராமேஸ்வரம் துறைமுகத்தில் மாலையில் ஒரு விசைப்படகு ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தேன். வலையைத் தைத்தபடியே பேசினார். விசைப்படகு இழுத்துப் போகும் இழுவை மடி வலை கடலின் அடியைச் சுரண்டுகிறது என்பது தனக்கும் தெரியும் என்றார். அக்கரையில் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் ஒரு மாதம் இருந்தவர். அங்கே அறுந்த தம் வலையைக் காட்டி அழுத மீனவரும் தமிழர்தான் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதே ஆண்டு இங்கே ஆழ்கடல் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு. மீதிக்கு எங்கே போவது, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தொழிலை யார் கற்றுத் தருவது என்று கேட்டார். இந்த விஷயத்தில் நம் பக்கத்துத் தவறை ஒப்புக்கொள்ளாமல் பேசக் கூடாது என்பது என் கருத்து. வடமாகாணத்து மீனவர் போர் முடிந்து கடலுக்குத் திரும்பியபோது அவர் வலையை அறுத்தது நம் மடிதான்.

நேர்வழி இல்லாத இடத்தில் கள்ளவழி உண்டாகும். 2020-ஐ ஒட்டி இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அங்கே விலை ஏறியது. மண்டபம், வேதாளை, பாம்பன் கரைகளில் மஞ்சள் மூட்டைகள் பிடிபடத் தொடங்கின. பீடி இலையும் அப்படியே போகிறது. 2001 முதல் இந்தியாவில் கடல் அட்டை பிடிக்கத் தடை; அக்கரையில் அதையே பண்ணை வைத்து உரிமத்தோடு வளர்க்கிறார்கள். அதனால் அட்டையும் இரவில் படகேறுகிறது. திரும்பி வரும் படகில் தங்கம். பிடிபடுவது பெரும்பாலும் கூலிக்கு மூட்டை தூக்கிய பையன்தான். இருபது வயதில் வழக்கோடு அலையும் பிள்ளைகளை வேதாளையில் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், ரசீதோடு, வரி கட்டி மூட்டை ஏற்ற அவர்களுக்கு ஒரு துறை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கரைக்கு வியாபாரம் புதிதா என்ன? வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளோடு, கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசில் பொறித்த சொல் 'சேது'. கீழக்கரை மரைக்காயர்களின் தோணிகள் முத்தும் சங்கும் கொண்டு எங்கெங்கோ போயின.

மறுநாள் விடியற்காலை தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. சாலை முடியும் இடத்தில் ஜீப்புகள் இன்னும் வரவில்லை. கச்சான் காற்று தொடங்காத பருவம். கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல் கிடந்தது. அலைபேசி சிணுங்கியது. இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று அக்கரை நிறுவனத்தின் குறுஞ்செய்தி. இங்கிருந்து தலைமன்னார் 18 மைல்.

2022 மார்ச்சில் அங்கே அரிசிக்கும் பால் மாவுக்கும் வழியில்லாமல் போனபோது, கைக்குழந்தைகளோடு வந்தவர்களைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது இதோ இந்த மணல் திட்டுகளில்தான். தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி அனுப்ப முன்வந்தது. நல்ல மனம்; அதில் எனக்குப் பெருமை உண்டு. முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது, அடுத்தது தூத்துக்குடியிலிருந்து. பசித்தவர்கள் வந்து இறங்கிய கரையிலிருந்து ஒரு மூட்டையும் போக வழியில்லை.

அங்கிருந்தே அத்தையை அழைத்தேன். மணி ஆறரை, மீன் வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கே இருக்கிறாய் மருமகனே?"

"அரிச்சல்முனையில், அத்தை. வத்தல் கையில்தான் இருக்கிறது."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அங்கே காற்று எப்படி என்று கேட்டார். இல்லை என்றேன். இங்கேயும் இல்லை என்றார்.

பையை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் திரும்பினேன். தெரிந்த பிள்ளை ஒருவன் அடுத்த வாரம் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுகிறான். அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே வந்து மன்னாரில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஈரம் ஏறாமலிருக்க வத்தலை ஒருமுறை மொட்டை மாடியில் காயவைத்து, காம்பு கிள்ளாமல், இரண்டு உறை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.