அடிக்கிண்ணத்தில் தங்கும் நீர்

பாய்மரப் படகின் டீசல் எஞ்சின் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கிறது. லாரியில் காலையில் நிரப்பிய டீசல் மறுநாளே புகையாகிப் போய்விடும். என் படகிலோ 150 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒருமுறை நிறைந்தால் அது தீர ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. எஞ்சின் மணிக்கு 2 அல்லது 2.5 லிட்டர் குடிக்கும். துறைமுகத்துக்குள் நுழைய, வெளியேற, காற்று அடங்கிய நாட்களில் ஊர்ந்து செல்ல என்று ஆண்டுக்கு 60 மணி நேரம் ஓடினாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் அந்த டீசல் இருட்டில், ஈரக் காற்றுடன், ஆடிக்கொண்டே கிடக்கிறது. வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு எஞ்சின் கையேடு ஓடிய மணிகளைத்தான் கணக்குச் சொல்கிறது. பாய்மரப் படகில் டீசலைக் கெடுப்பவை ஓடாத மணிகள்.

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 840 கிராம்தான். ஆகவே உள்ளே புகும் ஒவ்வொரு நீர்த்துளியும் டீசலைக் கடந்து தொட்டியின் அடிக்குப் போய்த் தங்கிவிடும். இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் படகுக்காரர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பாதி காலியாக இருக்கும் தொட்டியில் இரவுக் குளிரில் வியர்த்து வழிவதுதான் காரணம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது சிறு பங்கே. பெரும் பங்கு, மேல்தளத்தில் டீசல் நிரப்பும் வாயின் மூடியைச் சேரும். நடைபாதையில் தளத்தோடு தளமாகப் பதிந்திருக்கும் அந்த மூடியின் மேல் அலைநீரும் மழைநீரும் தேங்கி நிற்கும். அதை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால், தேங்கிய நீர் நேரே தொட்டிக்குள் இறங்கும். ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈ.என். 590, டீசலில் 7 விழுக்காடு வரை உயிரி டீசல் கலக்க இடம் தருகிறது. உயிரி டீசலோ நீரை ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும் இயல்புடையது.

நீர் மட்டும் என்றால் வடித்து எறிந்துவிடலாம். நீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. நீரில் வாழ்ந்து டீசலை உண்டு பெருகுகின்றன. அவற்றின் உடல்களும் கழிவும் சேர்ந்து கருப்பான கொழகொழப்பாகி, தொட்டியின் சுவரிலும் அடியிலும் படலம் படலமாக ஒட்டிக்கொள்ளும். படகு அசையாமல் நிற்கும்வரை அது தன் இடத்தில் அமைதியாகவே இருக்கும். கொந்தளிப்பான கடலில் ஒரு நாள் முழுக்கக் குலுங்கினால் அடி மண்டி மொத்தமும் கலங்கி உறிஞ்சு குழாய்க்குள் ஏறிவிடும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் நிற்கும் என்று படகுக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. எதிர்க்காற்றில் பகல் முழுவதும் குட்டையான, செங்குத்தான அலைகளில் முட்டி மோதிவிட்டு, துறைமுக வாய்க்கு அரை மைல் முன்னால் பாய்களை இறக்கி எஞ்சினை முடுக்கினேன். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிய எஞ்சின், நிமிடத்துக்கு 2,200 சுற்றிலிருந்து 1,400 சுற்றுக்குத் தானாக இறங்கியது. விசையைக் குறைத்தேன், சற்றுத் தேறியது. மீண்டும் கூட்டினேன், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. முன்பாயை விரித்துத் திரும்பவும் வெளிக்கடலுக்கே போய், ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரமிட்டு வடிகட்டியைத் திறந்தபோது, கரித்தூளும் கோழையும் சேர்ந்தாற்போன்ற ஒன்று அதன் காகித மடிப்புகளை மூச்சுவிட இடமின்றி அடைத்திருந்தது. 20 நிமிட வேலைக்கு அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. டீசல் வாடை, சூடான எஞ்சின், தலைகீழாகக் குனிந்த உடல், அலையாட்டம் ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் வயிறு என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான படகுகளில் வடிகட்டி இரண்டு இடங்களில் இருக்கும். தொட்டிக்கும், அதிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்புக்கும் நடுவே நீரையும் பிரித்தெடுக்கும் முதல் வடிகட்டி. ஃபீட் பம்புக்கும், டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நடுவே, எஞ்சினின் மேலேயே பொருத்தப்பட்ட இரண்டாவது வடிகட்டி. இத்தனை காவல் எதற்கு என்றால், இன்ஜெக்‌ஷன் பம்பின் உள்ளே நகரும் உலக்கைக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள வெளி சில மைக்ரான்களே. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த நெருக்கம் புரியும். அந்தப் பம்புக்குத் தனியாக மசகு எண்ணெய் கிடையாது. கடந்து போகும் டீசலே அதற்கு மசகு. டீசலுக்குப் பதில் நீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும், ஓய்வு நாட்களில் துருப்பிடிக்கும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியை எட்டிவிட்ட நீர் அங்குள்ள வெப்பத்தில் ஆவியாகி விரிந்து, நுண்துளைகளையே சிதைத்துவிடக்கூடும்.

முதல் வடிகட்டியில் எத்தனை மைக்ரான் இழை, அதாவது வடிகட்டும் காகித உருளை, போடுவது என்பது அடுத்த வழக்கு. பரவலாகப் பயன்படும் ரேகோர் 500 வரிசை வடிகட்டிகளில் பழுப்பு மூடி 2 மைக்ரான், நீலம் 10, சிவப்பு 30. நுண்மையானது நல்லது என்று எண்ணி நானும் முதலில் 2 மைக்ரானையே போட்டுவந்தேன். அப்படிச் செய்தால் இரண்டாவது வடிகட்டிக்கு வேலையே இல்லாமல் போய், முதல் வடிகட்டி மட்டும் விரைவில் அடைபடும். இப்போது முதல் இடத்தில் 10 மைக்ரான் வைத்திருக்கிறேன். மீதியை எஞ்சின் மேலுள்ள வடிகட்டி பார்த்துக்கொள்கிறது. இதற்கு எதிராக வாதிடுவோரும் தவறானவர்கள் அல்லர்; முதல் வடிகட்டி எட்டும் இடத்திலும் இரண்டாவது எட்டாத மூலையிலும் உள்ள படகில் அவர்கள் சொல்வதே பொருந்தும்.

இழையை விட முக்கியமாக நான் கருதுவது அதன் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணம். உள்ளே வரும் டீசல் அங்கே சுழற்றப்படுவதால் கனத்த நீர்த்துளிகளும் மண்டியும் பிரிந்து கிண்ணத்தில் இறங்குகின்றன. நாம் எட்டிப் பார்க்க முடியாத தொட்டியின் அடி, அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. படகு ஓரிரு நாள் அசையாமல் நின்ற பின், எஞ்சினை முடுக்கும் முன்பாக, கிண்ணத்தின் வடிகாலைத் திறந்து அரைக் கோப்பை அளவு ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து, கால் மணி நேரம் அப்படியே விட்டுப் பார்ப்பேன். கீழே நீர் இருந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். இதில் ஒரு பொறியும் உண்டு. கிண்ணம் முழுவதுமே நீராக இருந்தால் எல்லையே தெரியாது. தெளிந்த டீசல் என்று நம்பி ஏமாந்துவிடுவோம். உணவில் கலக்கும் நிறமி ஒரு சொட்டு விட்டால் உண்மை வெளிப்படும்: நீரானால் கரைந்து பரவும், டீசலானால் உருண்டையாக அடியில் போய் நிற்கும். வடித்தது ஒரு சொட்டும் கடலில் கலக்கக் கூடாது என்பதால், அதற்கென மூடியுள்ள கேன் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

அந்தத் துறைமுக வாய்ச் சம்பவத்துக்குப் பிறகு நான் வாங்கிய பொருள்களில் மிகவும் பயன்பட்டது, முதல் வடிகட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே பொருத்திய ஒரு வெற்றிட மானி. இழை அடைபட அடைபட, பம்ப் அதிக வலுவோடு உறிஞ்ச வேண்டியிருப்பதால் மானியின் முள் ஏறும். புதிய இழை போட்ட அன்றே, பயணச் சுழற்சியில், சுமையோடு எஞ்சின் ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா ஓடும் எஞ்சினில் பாதி அடைபட்ட வடிகட்டியும் நல்ல பிள்ளையாகவே தோன்றும். புதிய இழை போட்டும் முள் இறங்கவில்லை என்றால் அடைப்பு அதற்கும் முன்னால் இருக்கிறது. ஒரு முறை எனக்கு அப்படி நேர்ந்தது. முதலில் நிரப்பும் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தேன்; தொட்டியின் காற்றுக்குழாயைப் பூச்சி கூடு கட்டி அடைத்திருந்தால் அப்போதே எஞ்சின் தேறிவிடும். தேறவில்லை. பிறகுதான் உறிஞ்சு குழாயின் அடிமுனையில், தொட்டிக்குள்ளேயே, விரல்நுனி அளவுக்கு ஒரு கம்பிவலை இருப்பதைக் கண்டுபிடித்தேன். கை எட்டாத இடத்தில் வலை வைத்தவரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டேன். அழுக்கைத் தடுக்க வேண்டியது வடிகட்டியின் வேலை.

இழையை மாற்றும் வேலையில் தொட்டி வால்வை மூடுவது, பழைய ஓ-ரிங் மேல்மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, புதியதில் டீசலைத் தடவிப் போடுவது ஆகியவற்றை எவரும் சொல்வார்கள். நான் சேர்ப்பது ஒன்றே: முதல் வடிகட்டியை மேலிருந்து டீசல் ஊற்றி நிரப்பி மூடலாம், இரண்டாவதை அப்படி நிரப்பக் கூடாது, ஊற்றிய டீசல் வடிகட்டப்படாமலே தூய பக்கத்துக்குப் போய் நேராக இன்ஜெக்‌ஷன் பம்பில் சேரும். ஃபீட் பம்பின் கை நெம்பைக் கொண்டே நிரப்ப வேண்டும். அந்த நெம்பு சில நேரம் உயிரற்றுத் தொங்கும். பம்ப் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம், உள்ளே அதைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கிறது என்றே பொருள். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டால் நெம்புக்கு உயிர் வரும்.

பிறகு, டீசல் பாதையில் புகுந்த காற்றை எடுப்பது. இரண்டாவது வடிகட்டியின் மேலுள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, நெம்பை அடிக்க அடிக்க, முதலில் நுரையும் பிறகு குமிழும் கடைசியில் தெளிந்த டீசலும் வரும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்கிவிட வேண்டும். அந்த ஸ்குரூ மென்மையான உலோகத்தில் பதிந்திருப்பதால் வலுவைக் காட்டினால் மரை போய்விடும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் ஸ்குரூ. அப்படியும் பிடிக்கவில்லை என்றால், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருக்கும். இங்கேதான் எஞ்சினையே இழக்கும் தவறு காத்திருக்கிறது. எஞ்சின் பிடிக்காமல் சுழலும் ஒவ்வொரு முறையும் குளிர்விக்கும் கடல்நீரை அதன் பம்ப் சைலன்சருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால் நீர் மட்டம் ஏறி, புகைவால்வின் வழியே சிலிண்டருக்குள் புகுந்துவிடும். நீரை அமுக்க முடியாது. அடுத்த சுழற்சியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஆகவே நீண்ட நேரம் சுழற்றும் முன் கடல்நீர் வால்வை மூட வேண்டும், எஞ்சின் பிடித்த அந்த நொடியே திறக்க வேண்டும். மறதிக்கு மருந்தாக, வால்வை மூடியவுடன் அதன் கைப்பிடியிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை ஸ்டார்ட்டர் சாவிவரை கட்டிவிடுவேன்.

அந்த வால்வை ஒட்டியுள்ள கடல்நீர்ச் சல்லடையையும் அதே கையோடு பார்த்துவிடலாம். அதில் பாசியும் பிளாஸ்டிக் துண்டும் சேர்வது கண்ணுக்கே தெரியும். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்து காற்றை உறிஞ்சுகிறதா என்பது தெரியாது. படகின் பின்புறப் புகைக்குழாயிலிருந்து வழக்கம்போல் நீர் துப்பாமல் ஆவி மிகுந்தால் சல்லடையோடு, கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரையும் திறந்து பார்க்க வேண்டும், ஒடிந்த இதழ்களை எண்ணிக் கணக்குச் சரிபார்க்கவும் வேண்டும். காணாமல்போன இதழ் வெப்பமாற்றியின் வாயில்தான் சிக்கியிருக்கும்.

சுழற்சி ஏறியும் இறங்கியும் தடுமாறும் எஞ்சின் பெரும்பாலும் அடைப்பால் அல்ல, காற்றுக் கசிவால் தடுமாறுகிறது. தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பாதை உறிஞ்சும் பாதை என்பதால், அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே போகும். துடைத்துத் துடைத்துத் தேடினாலும் ஈரமே தென்படாது. கிண்ணத்துக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழ்கள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், தீ தாங்கும் குழாய் அல்ல அது.

தொட்டியின் மேல் ஆய்வு வாய் வெட்டி, அடியைத் துடைத்து எடுத்து இரண்டு பருவம் ஆகிறது. நுண்ணுயிர்க் கொல்லியை அதன் பிறகுதான் ஊற்றினேன். அழுக்குத் தொட்டியில் ஊற்றினால் செத்தவை எல்லாம் உதிர்ந்து அடுத்த பயணத்திலேயே வடிகட்டிக்கு வந்து சேரும். இன்றும் ஒவ்வொரு இழையிலும் தேதியையும் எஞ்சின் மணியையும் மார்க்கரால் எழுதியே போடுகிறேன். சென்ற வாரம் வடித்தபோது ஜாடியின் அடியில் ஒரே ஒரு சொட்டு நீர், பாதரசம்போல் உருண்டது. அன்று மாலையே நிரப்பும் வாயின் மூடியைக் கழற்றி, கைவிளக்கின் ஒளியில் ஓ-ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதிய ஓ-ரிங்தான், ஒரு மணல் துணுக்கு அதன் மேல் ஒட்டியிருந்தது.