சந்தையில் மட்டுமா சந்தித்தோம்?

ஃபர்னிவால் என்ற ஆங்கிலேயர் பர்மாவில் பல ஆண்டுகள் அரசு அதிகாரியாக இருந்தவர். 1948-ல் வெளியான ஒரு புத்தகத்தில், இங்கே பர்மியர், இந்தியர், சீனர், ஐரோப்பியர் எல்லாரும் கலந்து நிற்கிறார்களே தவிர ஒன்று சேர்வதில்லை என்று எழுதினார். அவரவருக்கு அவரவர் மதம், மொழி, பழக்கம். சந்திப்பது சந்தையில் மட்டும், அதுவும் வாங்க விற்க மட்டும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அந்த ரங்கூனைப் பார்த்து எழுதியவர் அவர். மலேசியாவில் சமூகவியல் படிக்கும் என் அக்கா மகன் இந்தப் பகுதியை அனுப்பி, "சித்தி, இது சரியா?" என்று கேட்டிருந்தான்.

பாதி சரி. எங்கள் கோயில் வேறு, அவர்களுடைய புத்தப் பகோடா வேறு, பெண் கொடுப்பது எடுப்பது வேறு. ஆனால் 'சந்தையில் மட்டும்' என்று அவர் அதைச் சிறிதாகச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள் போக, 1964-ல் கடைகள் அரசுடைமையானதும் கப்பலேறியவர்கள் போக, மிஞ்சிய குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. ரங்கூன் காளி கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில், தெயின்ஜி மார்க்கெட்டில் அப்பாவுக்கு மசாலாக் கடை. மஞ்சள், மிளகாய், சோம்பு எல்லாம் இன்றும் வீசைக் கணக்குதான், வீசைக்கு 1.6 கிலோ சொச்சம். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். இன்று நான் எப்படி நிற்கிறேன், எப்படிக் கோபப்படுகிறேன், எதற்குக் கூச்சப்படுகிறேன் என்பதில் பெரும்பகுதி அந்தக் கொடுக்கல் வாங்கலில் வந்தது.

சின்ன வயதில் மிச்சச் சில்லறையை ஒரு பர்மியப் பாட்டியிடம் ஒற்றைக் கையால் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, திட்டவும் இல்லை, சிரித்தபடி நின்றார். பக்கத்துக் கடை அக்கா ஜாடை காட்டினார்: வலது கையால் கொடு, இடது கை விரல் வலது முழங்கையைத் தொட்டிருக்கட்டும். கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வீட்டில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. இன்று மாமியாருக்குக் காப்பி கொடுத்தாலும், கோயிலில் திருநீறு தட்டை நீட்டினாலும் என் இடது கை தானாக முழங்கைக்குப் போகிறது. அந்த ஜாடை காட்டிய அக்கா பர்மியர், புத்த மதம். அவர் காளி கோயிலில் தேங்காய் உடைக்காமல் கடையைத் திறக்க மாட்டார். முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது எங்கிருந்து வந்தது? எங்கள் அப்பா தினமும் செய்வதைப் பார்த்துத்தான். ஃபர்னிவால் இந்த இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மற்றவர்களோடு பழகிப் பழகித்தான் ஒருவர் உருவாகிறார் என்பதைத்தான் சிகாகோவில் பாடம் நடத்திய தத்துவ அறிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் விளக்கினார் என்று அக்கா மகன் அனுப்பிய குறிப்புகளில் படித்தேன். 1931-ல் அவர் இறந்தபின், மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து 1934-ல் புத்தகம் வந்தது. குழந்தை முதலில் டீச்சராக, கடைக்காரராக, ஒரு நேரத்தில் ஒருவராக விளையாடிப் பார்க்கிறது. வளர்ந்து குழுவாக விளையாடும்போது எல்லாரும் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சேர்த்து மனதில் வைக்கப் பழகுகிறது. 'நான்' என்பது அப்படித்தான் உண்டாகிறது என்பது அவர் கட்சி. அவர் சொன்ன உதாரணம் பேஸ்பால். எனக்குத் தெரிந்தது சின்லோன் என்ற பர்மிய விளையாட்டு. சாயங்காலம் எங்கள் சந்தில் ஆறு பையன்கள் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைத் தரையில் விழாமல் காலால் தட்டுவார்கள். எதிரணி கிடையாது. பந்து வந்து சேரும் முன்பே ஒருவனுடைய முழங்கால், அடுத்தவன் எடுக்க வசதியான பக்கம் திரும்பியிருக்கும். மற்ற ஐந்து பேரும் அவன் காலுக்குள் இருக்கிறார்கள்.

கடையிலும் அப்படித்தான். சீன ஹோட்டல்காரர் வந்தால் விலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரங்கூனுக்குப் பக்கத்தில் தன்லினிலிருந்து வரும் நம்ம ஊர் அத்தையிடம் விலையை முதலில் சொன்னால் முகம் சுண்டிவிடும். சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் எப்படி என்று கேட்ட பிறகுதான் மல்லி.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீடியோ காலில் கேட்பார்கள், "நிஜமா நீ யாரு, தமிழா பர்மாக்காரியா?" வீட்டுப் பெயர் ஒன்று, நான் பிறந்த கிழமைக்கான எழுத்தில் டீச்சர் வைத்த பர்மியப் பெயர் ஒன்று, கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்து, நெற்றியில் பொட்டு. இவற்றில் ஒன்று வேஷம், ஒன்று நிஜம் என்று நினைக்கிறார்கள். நாம் பிறர் முன்னால் ஒரு மாதிரி, மறைவில் ஒரு மாதிரி நடந்துகொள்வதை மேடை, திரைமறைவு என்று சமூகவியலாளர் கோஃப்மன் எழுதியதைப் படித்தவர்களும் இப்படியே புரிந்துகொள்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்டு தீவில் ஒரு ஹோட்டலில், பரிமாறுகிறவர்கள் சமையலறைக் கதவைத் தாண்டியதும் நடையும் பேச்சும் மாறுவதை அவர் கவனித்தார். எங்கள் கடையிலும் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மறைவு உண்டு. அங்கே அப்பாவும் சித்தப்பாவும் தமிழில் சண்டை போடுவார்கள். ஆனால் அங்கே இருந்தவர் 'அசல்' அப்பா என்று நான் சொல்ல மாட்டேன். அங்கேயும் அவர் சித்தப்பாவுக்கு அண்ணன், அந்தக் குரல் அதற்கானது. சித்தப்பா போனபின் தனியாகக் கணக்குப் போடும்போது அப்பா உதட்டில் ஓடியது பர்மிய எண்கள்.

இதில் இனிமை மட்டும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இந்திய வம்சத்தவரான எங்களை பர்மிய மொழியில் 'கலா' என்பார்கள். சிலர் பழக்கத்தில் சொல்வார்கள், சிலர் குத்தவென்றே சொல்வார்கள். தெருவில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அப்பாவின் குரல் இறங்கிவிடும், தமிழ் பாதியில் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கும் புது ஆள் கடைக்குள் வந்தால் குரல் இறங்குகிறது. பார்த்ததும் தெரியும் அடையாளம் உள்ளவர், இன்னும் வெளியே தெரியாத அடையாளம் உள்ளவர் என்று கோஃப்மன் 1963-ல் பிரித்துக் காட்டினார். நான் இரண்டுமாக இருக்கிறேன். மாண்டலேயிலிருந்து போனில் ஆர்டர் தருபவர்களுக்கு என் பெயரும் பேச்சும் பர்மியம். நேரில் வந்தவர் ஒருவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, போனில் பேசிய அம்மா எங்கே என்றார். நான்தான் என்றதும் அவர் முகத்தில் தோன்றியதைப் பார்த்து, பத்து வருஷப் பழக்கத்தை அங்கேயே நின்று மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அவர் நல்ல வாடிக்கையாளர். ஆனாலும் அந்த ஒரு நொடியை யார் ஈடு செய்வது?

அடையாள அட்டையில் இனத்துக்கு ஒரு கட்டம், மதத்துக்கு ஒரு கட்டம். 1982 சட்டத்துக்குப் பிறகு குடியுரிமையே மூன்று வகை, அட்டைக்கும் மூன்று நிறம். கடையில் பேசிப் பேசி மாற்ற முடிவதை அந்தக் கட்டத்தில் மாற்ற முடியாது. அன்றாடப் பேச்சுவார்த்தையே மனிதனை உண்டாக்குகிறது என்பவர்கள் இந்தக் கட்டங்களின் பலத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ஆய்வுக்கு எங்கள் மார்க்கெட்டையே எடுத்துக்கொள், வந்தால் கேள்வித்தாளை நீட்டாதே, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைப் பார், யார் யாரிடம் எந்தக் கையால் காசு கொடுக்கிறார்கள், யாரைப் பார்த்து யார் குரல் இறங்குகிறது என்று குறித்துக்கொள் என்றேன். விடுமுறையில் வருகிறேன் என்றிருக்கிறான்.