ரசீதையும் காலுறையையும் ஒரே கயிற்றில் காயப்போட்ட கதை

கழிப்பறைக்குப் பணம் தருகிறேன் என்று யாரும் முன்வருவதில்லை. கூடாரம் தருவார்கள், தொப்பி தருவார்கள், தங்கள் பெயர் அச்சடித்த பதாகையைக் கேட்காமலேயே தருவார்கள். 48 பிள்ளைகள் மூன்று இரவு வெட்டவெளியில் தங்கினால் காலையில் எங்கே போவார்கள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது. சாரணர் முகாமின் பொறுப்பு முதல்முறை என் தலையில் விழுந்தபோது எனக்கும் தோன்றவில்லை. 'இதர செலவுகள்' என்று கடைசி வரியில் ஒரு தொகையைப் போட்டு ஒரு நன்கொடை நிறுவனத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த தாளில் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது அந்த வரிதான்.

அந்த நிறுவனத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் அம்மாளைத் தொலைபேசியில் பிடித்தேன். "இதரன்னு போட்டா எங்க கணக்கர் படிக்காமலே அடிச்சிடுவார் சார். கழிப்பறைன்னா கழிப்பறைன்னே எழுதுங்க" என்றார். எழுதினேன். கழிப்பறை, கை கழுவத் தொட்டி, வண்டி வாடகை, முதலுதவிப் பெட்டி, காப்பீடு, டார்ச் பேட்டரி என்று ஒவ்வொன்றும் தனி வரி. எல்லாம் நிறைவேறியது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஒரு தலைப்பில் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குத் திருப்ப வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். செலவழித்துவிட்டு விளக்கம் எழுதினால் செல்லாது.

கடுப்பாகத்தான் இருந்தது. அப்போது பழைய சங்கதி ஒன்று கண்ணில் பட்டது. சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட முகாம் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்தது. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து நடத்தினார். வசதியான வீட்டுப் பையனுக்குக் கட்டணம் ஒரு பவுண்டு, மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். அப்படி வாங்கியும் 24 பவுண்டுக்கு மேல் துண்டு விழுந்தது. பிள்ளைகளை அனுப்பியிருந்த சாக்சன் நோபிள் என்பவர்தான் அதை அடைத்தார். பேடன் பவலுக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

பெற்றோர் கையெழுத்து வாங்கும் படலத்தை நீட்டப்போவதில்லை. ஒன்று மட்டும்: முகாமுக்கு அனுப்பச் சம்மதம், உடல்நலக் குறிப்பு, புகைப்படத்துக்குச் சம்மதம் மூன்றையும் தனித்தனித் தாளாக வாங்குங்கள். ஒரே தாளில் கேட்டால் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தனியாகக் கேட்டதால்தான், ஐந்து வீடுகளில் புகைப்படம் வேண்டாம் என்று சொன்னார்கள்.

முந்தின நாளே ஆறு அணித் தலைவர்களோடு போய் இறங்கினோம். ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கழிப்பறைக்கு இடம் பார்த்து, தண்ணீரைக் கொதிக்கவைக்க அடுப்பு மூட்டிவிட்டு, நன்கொடையாக வந்த கூடாரங்களைப் பிரித்தால் இரண்டு மூட்டைகளில் முளைகளே இல்லை. யாரோ ஏற்கெனவே பயன்படுத்திய கூடாரங்கள். வாங்கும்போதே விரித்துப் பார்த்திருக்க வேண்டும், என் தப்புதான். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஓர் அணித் தலைவி, பதின்மூன்று வயது இருக்கும், கீழே கிடந்த காய்ந்த கிளையொன்றை எடுத்துவந்தாள். ஒரு முனையைக் கூராகச் சீவினாள். மறுமுனைக்கு இரண்டு விரல் கீழே கயிறு வழுக்காதபடி ஒரு வெட்டு வெட்டினாள். தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி மண்ணில் அடித்து, கயிற்றை மாட்டி இழுத்துக் காட்டினாள். அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் அப்படிப் பதினான்கு முளைகள் தயார்.

இரண்டாம் நாள் பிற்பகல் மின்னியது. எங்கள் விதி எளிது: மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கு, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஓடு. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும், அப்படியென்றால் இடி பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று கணக்கு. பிள்ளைகள் கூட்டமாக எண்ணினார்கள். இருபத்திரண்டில் இடித்தது. கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை. அதனால் எல்லோரையும் பக்கத்திலிருந்த கட்டடத்துக்குள் கொண்டுபோய், அணிவாரியாகத் தலை எண்ணி உட்காரவைத்தோம். கடைசி இடிக்கு அப்புறம் அரைமணி நேரம் வெளியே விடக்கூடாது. இருபத்தெட்டாவது நிமிடத்தில் மறுபடி ஓர் இடி. கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து வைத்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் இடியைவிடப் பெரிசு.

திரும்பி வந்து பார்த்தால் மரமுளைக் கூடாரங்கள் கம்பீரமாக நிற்கின்றன. இரும்பு முளை அடித்த என் கூடாரம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. உள்ளே ரசீதுக் கோப்பு ஊறிப் போயிருந்தது. கையால் எழுதிய ரசீதுகளில் மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளைகளின் காலுறைகளுக்கு நடுவே துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மூன்று ரசீதுகள் தேறவில்லை, கடைக்காரர்களிடம் போய் நகல் வாங்கினேன். அன்றிலிருந்து வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்துவிடுகிறேன். இயந்திரத்தில் வரும் வழவழப்பான ரசீதுக்கு மழைகூடத் தேவையில்லை, வெயில் பட்டாலே எழுத்து வெளுத்துவிடும்.

மூன்றாம் நாள் நன்கொடை நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதாகைக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளும் நிற்கப் படம் வேண்டும் என்றார்கள். கேட்டதில் தப்பில்லை, அவர்களும் மேலே காட்ட வேண்டுமே. ஆனால் நாற்பத்து மூன்று பேரை நிற்கவைத்து ஐந்து பேரை மட்டும் ஒதுங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடியேற்றும்போது எல்லோரும் கொடியைப் பார்த்து நிற்க, முதுகுப் பக்கமிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முகம் தெரியாத படமா என்று முதலில் இழுத்தார்கள். கடைசியில் வரிசையாக 48 கழுத்துத்துணி முக்கோணங்களோடு அந்தப் படம்தான் அவர்கள் ஆண்டறிக்கையில் வந்தது.

முகாம் முடிந்து இரண்டு வாரத்தில் கணக்கை அனுப்பினேன். பேட்டரித் தலைப்பில் கொஞ்சம் மிஞ்சியது, திருப்பிக் கட்டினேன். ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து ஒரே ஒரு கேள்வி: "பொருள் பட்டியலில் 'முளைகள் 14, செலவு பூஜ்யம்' என்று இருக்கிறது. யார் நன்கொடை?"

ஒரு முளையை உறையில் போட்டு அனுப்பிவைத்தேன்.