ஆர்ச் இருந்த இடத்தில் கதவு: இதுவரை ஆன வேலை

ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் ஆர்ச், 1994ல் அப்பா ஆசைப்பட்டு வைத்தது. இப்போது மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் மாடி ஏற முடியவில்லை. சாப்பாட்டு அறைதான் இனி அவருக்குப் படுக்கையறை. அப்படியென்றால் அதற்குக் கதவு வேண்டும்.

அகலம் 4 அடி. பக்கங்கள் ஐந்தரை அடி நேராகப் போய், அரைவட்டமாக வளைந்து, உச்சி ஏழரை அடி. 7 அடி உயர நிலை, அதாவது கதவைத் தாங்கும் மரச்சட்டம், தாராளமாக உட்காரும் என்று நினைத்தேன். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நிலையின் அளவுக்கு வெட்டித் தொங்கவிட்டபோதுதான் தெரிந்தது: உச்சியில் அரை அடி சும்மா கிடக்கிறது, வளைவின் இரண்டு தோளிலும் நிலையின் மூலை 5½ அங்குல உயரத்துக்கு இடிக்கிறது.

தோளை வெட்டலாமா? ஆர்ச்தான் மேல்சுவரைத் தாங்குகிறது என்றால் தொடவே கூடாது. "மேலே லிண்டல் ஓடுதுப்பா, நான் பக்கத்துல நின்னுதான் கான்கிரீட் போட்டாங்க" என்றார் அப்பா. திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரத்தைத்தான் லிண்டல் என்கிறார். அவர் சொன்னாலும், உச்சிக்கு மேல் உள்ளங்கை அளவு பூச்சை உளியால் கொத்திப் பார்த்தேன். சாம்பல் நிறக் கான்கிரீட். இடமும் வலமும் கொத்தினேன், அங்கேயும் அதுவே, ஒரே மட்டத்தில். வளைவு முழுக்க லிண்டலுக்குக் கீழே செங்கல் துண்டும் கலவையும் வைத்துச் செய்த வடிவம்தான். அப்புறம்தான் கட்டிங் மெஷினால் கோடு போட்டு, மெதுவாகத் தோளை இறக்கினேன்.

நிலை வேப்பமரம், வெளி அகலம் 41 அங்குலம். சட்டம் இரண்டரை அங்குலம் போக உள்ளே 36 கிடைக்கும், வாக்கர் இடிக்காமல் போகும். தடுக்கக் கூடாது என்பதால் கீழ்ச்சட்டம் வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்துக்கு மூன்றரை அங்குல இடைவெளி. செங்கலைச் செங்குத்தாக நிறுத்தினால் கலவையோடு சரியாக நிறைகிறது. ஒவ்வொரு பக்கமும் நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை (ஹோல்டுபாஸ்ட்) மூன்று, பழைய சுவரில் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டு இறுக்கினோம்.

இங்கேதான் தவறினேன். கீழ்ச்சட்டம் இல்லாத நிலைக்கு அடியிலும் நடுவிலும் குறுக்குக் கட்டை அடிக்க வேண்டும். அடியில் மட்டும் அடித்தேன். கட்டிக்கொண்டே வரும்போது செங்கல் தள்ளி, இடுப்பு உயரத்தில் நிலையின் ஒரு பக்கச் சட்டம் கால் அங்குலம் உள்ளே வளைந்துவிட்டது. மறுநாள் காலை தூக்குகுண்டு விட்டபோது நூல் மரத்தை விட்டு விலகி நின்றது. கலவை முழுதாக இறுகும் முன் அந்தப் பக்கம் மூன்று கல்லைப் பிரித்து, நடுவில் கட்டை கொடுத்து, மறுபடி கட்டினேன். அரை நாள் போனது. பரவாயில்லை, இப்படியே விட்டிருந்தால் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தியிருக்காது.

பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில் கோழிவலை வைத்துப் பூசியிருக்கிறேன், இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். அந்த வேலை நேற்றோடு முடிந்தது.

மேலே மிஞ்சிய அரை அடியை அடைக்கவில்லை. கண்ணாடி போடப் போகிறேன். ராத்திரி அப்பா எழுந்து விளக்குப் போட்டால் ஹாலில் படுத்திருக்கும் எனக்குத் தெரியும்.

கதவுப் பலகை அடுத்த வாரம் வருகிறது. அதுவரை திரை தொங்குகிறது.